ஓலெகெரின் இடப்பக்கம்

ஓலெகெர் இடித்த இடியில் மௌரி சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போய் விழுந்தான்.

எதிரே வண்டி இல்லை. வளைவு இல்லை. குறுக்கே ஒரு நாய்கூட இல்லை. சதுப்பின் நடுவே நூல் பிடித்தாற்போல் ஓடும் சரளைப் பாதை. நாலு பேர் கைகோத்துக்கொண்டு நடக்கலாம். அங்கே போய் ஒருவன் தன் சிநேகிதனை இடித்துத் தள்ளுவதென்றால், அதற்குத் தனித் திறமை வேண்டும்.

"எறங்கினதுதான் எறங்கின, அப்படியே தவளைய எண்ணிட்டு வாடா" என்றான் ஓலெகெர்.

தவளைகளுக்கு இது காலமில்லை. நவம்பர் தண்ணீரில் இடுப்பளவு நின்றபடி மௌரி தன் இடது தோளைத் தடவிப் பார்த்தான். ஊருக்கே பன்றிக்கறியும் தொத்திறைச்சியும் வெட்டிக் கொடுக்கிறவன். காறையெலும்பு முறிந்துவிட்டது என்று, கடையில் சரக்கு தீர்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

ஓலெகெர் பழியை வடகாற்றின் மேல் போட்டான். அந்தப் பக்கத்தில் ஓடு பறந்தாலும் கல்யாணம் நின்றாலும் வடகாற்றைத்தான் சொல்வார்கள்.

ஆனால் நாணல் அசையவில்லை. கம்பத்தின் மேல் நின்ற செங்கால் நாரையின் ஒரு சிறகுகூட அசையவில்லை.

மௌரியை அவன் பார்க்கவே இல்லை. அதுதான் உண்மை.

வசந்தம் தொடங்கும்போதே கண் மருத்துவர் சொல்லிவிட்டார். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. அந்த வாரமே காரை விற்றான். டீசல் விற்கிற விலைக்குக் கார் ஒரு கேடா என்று ஊரெல்லாம் சொன்னான்.

சைக்கிளை விற்க மட்டும் கை வரவில்லை. மனைவி போன பிறகு அவனுக்கு வாரத்தில் மிஞ்சியிருந்தது, மௌரியோடும் தெக்லாவோடும் சைக்கிளில் சுற்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். விஷயம் தெரிந்தால் இந்த இரண்டு பேரும் அன்றைக்கே சைக்கிளைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவார்கள்.

ஆகவே வாய் ஓயாமல் வேடிக்கை பேசினான். பேசுகிறவனின் கண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பது அவன் கணக்கு.

பின்னாலிருந்து தெக்லா வந்து சேர்ந்தாள். காலணிக்குள் கல் புகுந்துவிட்டதென்று சற்று முன்பு நின்றுபோனவள். ஊரில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். மூன்று பேரும் பள்ளியில் ஒரே வகுப்பு. எந்த ஞாயிறு எந்தப் பாதை என்பது அவள் முடிவு.

எத்தனையோ வருஷம் தார்ச்சாலையில்தான் மலையேறி இறங்கினார்கள். இந்த வசந்தத்தில் அவள் திடீரென்று, லாரித் தொல்லை தாங்கவில்லை, இனிமேல் தார் வேண்டாம் என்றாள். பழைய ரயில் ஓடிய பள்ளத்தாக்குத் தடம், குன்றுக்காட்டுப் பாதை, நெல்வயல் வரப்பு, இந்தச் சதுப்பு. எங்கும் கார் வராது.

லாரியைக் கண்டால் ஒன்றுக்குப் போகிற தபால்காரி என்று ஓலெகெர் அவளுக்குப் பட்டம் கட்டினான். அவள் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. சரளையில் இடுப்பு கழன்றுபோகிறதென்று புலம்பினாலும் மௌரியும் தவறாமல் வந்தான்.

இரண்டு பேருமாக அவனைக் கரையேற்றி, தெக்லாவின் கழுத்துத்துணியால் கைக்குத் தூளி கட்டினார்கள். போன் போட்டதும் மௌரியின் மனைவி கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் பாதை முனையில் உள்ள தடுப்புக்கட்டைக்கு இப்பால் கார் வராது. அதுவரை நடக்க வேண்டும்.

நடந்தார்கள். ஓலெகெருக்குப் பேச்சில்லாமல் நடந்து பழக்கமில்லை.

வழக்கமாகச் சாப்பிடும் சத்திரத்தில் அவித்த அவரைக்கொட்டையும் வறுத்த தொத்திறைச்சியும் ஆறிக்கொண்டிருக்கும் என்றான். சத்திரக்காரன் மகா கஞ்சனாகிவிட்டான் என்றான். முன்பெல்லாம் நீள மூக்குக் கண்ணாடிக் குடுவையில் ஒயின் வைப்பான். வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். கடைசியாக ஊற்றிக்கொண்டபோது ஓலெகெருக்கு வாய்க்குப் போகாமல் கழுத்துக்குப் போனது. சட்டை குடித்த மிச்சத்தைத்தான் தான் குடித்ததாகச் சொல்லி அவனே சிரித்தான். அதற்கப்புறம் அவர்கள் மேசைக்கு மட்டும் கோப்பைதான் வருகிறது.



மௌரி பல் கிடுகிடுக்க, ஓலெகெரைத் தாண்டித் தெக்லாவிடம் மெதுவாகச் சொன்னான்: "கல்லு எடுக்க நிக்கும்போது ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல. நான் ஓடி வந்து உன் எடத்தப் புடிக்கிறதுக்குள்ள சாஞ்சுட்டான்."

"என் தப்புதான்" என்றாள் அவள்.

அவள் இடம்.

வசந்தத்திலிருந்து எந்த ஞாயிறும் அவனுடைய இடப்பக்கம் காலியாக இருந்ததில்லை. அவள் இல்லாவிட்டால் மௌரி, மௌரி இல்லாவிட்டால் அவள். தன் வேடிக்கைப் பேச்சுக்குத்தான் இவ்வளவு போட்டி என்று ஓலெகெர் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தான்.

சரளை. கோப்பை. இடப்பக்கம்.

அவன் நின்றான். சொல்வதற்கு ஒரு வேடிக்கை தேடினான். அகப்படவில்லை.

"தெக்லா, நாம தார் ரோட்ட ஏன் விட்டோம்?"

எப்போது கேட்டாலும் லாரி என்பாள். இந்தத் தடவை சைக்கிளை நாணலில் சாய்த்துவிட்டு, அவனுடைய இடப்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, அவன் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றாள்.

"உனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியல, ஓலெகெர். கார் வராத எடமா தேடித் தேடித்தான் இவ்வளவு நாள் உன்னக் கூட்டிட்டு வந்தோம். இன்னியோட அதுவும் முடிஞ்சுதுடா."