சட்டைப்பையைத் தேடும் கை

நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் காலை எட்டு மணி. வாசலில் குந்தியிருந்து ஆரணி அக்கா இராணுவச் சப்பாத்தின் கயிற்றை இழுத்துக் கட்டுகிறாள். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன்காரர் அழைக்காமல் வந்து ஐந்து வருடம் தங்கிப் போன பிறகு, இனி அப்படியொரு விருந்து வேண்டாமென்று நோர்வே தொடங்கிய ஊர்காவல் படையில் அவளும் ஒருத்தி. வருடத்தில் ஒரு வாரம் மின்நிலையம் ஒன்றைக் காவல் காப்பாள்; வீட்டில் சோற்றுப் பானையை அவளிடம் நம்பி விடமாட்டோம். குசினியிலிருந்து வரும் அப்பா பச்சைச் சீருடையைக் கண்டதும் நின்றுவிடுகிறார். அவரது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அடையாள அட்டையைத் தேடுகிறது. யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளை விட்டு வந்து முப்பது வருடமாகிவிட்டதை அந்தக் கைக்கு இன்னும் யாரும் அறிவிக்கவில்லை. பையில் மூக்குக்கண்ணாடி மட்டுமே இருக்கிறது. “பிள்ளை, உந்த உடுப்பைப் பையிலை வைச்சுக் கொண்டுபோய் அங்கை மாத்தன். சனம் பாக்கும்.” “பாக்கட்டும் அப்பா. நான் என்ன களவே எடுத்தனான்?” “இந்த உடுப்புக்குப் பயந்துதான் நான் ஓடி வந்தனான்.” “ஓம். இந்த முறை உடுப்புக்கு உள்ளுக்கை நிக்கிறது நான்.” அவள் எழுந்து தன் படை அட்டையை நீட்டுகிறாள். “இண்டைக்கு நீங்கள் செக் பண்ணுங்கோ.” அப்பா கண்ணாடியைப் போடுகிறார். படத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், அட்டையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். கீழே ரயில் ஒன்று போகிறது. அவர் அவசரப்படவில்லை. “பெயர்?” அக்கா நெஞ்சை நிமிர்த்துகிறாள். அங்கே கறுப்பு நூலில் அப்பாவுடைய பெயரே தைத்திருக்கிறது. இரவீந்திரன் என்று அப்பா எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். பிறகு லிஃப்டுக்குக் காத்திருக்கும் சனமெல்லாம் பார்க்கும்படி கதவை அகலத் திறக்கிறார். “சரி, போகலாம்.”