நீ மட்டும் வா

"நீ மட்டும் வா தம்பி. மத்த மூணு பேரும் உனக்குப் பாரம்," என்றார் லண்டன் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்.

பர்மிங்ஹாமில் அந்த ப்ளூஸ் இசைக்குழு தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பசங்கள விட்டுட்டு வரமாட்டேன் சார்," என்றான் பாடகன் நெவில்.

"இன்னொரு தடவை கேக்க மாட்டேன்."

"வேணாம் சார்."

பப்பின் பின்னறைக்கு வந்தான். மூவரும் பீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். டிரம்மர் கீத் முதலில் வாயைத் திறந்தான்.

"அடிச்சிடாதேடா நெவில். காலையில அந்த லண்டன்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீ மட்டும் வான்னாரு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"என்கிட்டயும் அதேதான் சொன்னாரு. நானும் போட்டுட்டேன்," என்றான் கிடார் வாசிக்கும் டெரிக்.

"நானுந்தான்," என்றான் மூன்றாமவன் ராஜர்.

நெவிலுக்குக் கோபம்கூட வரவில்லை.

கீத் சிரித்துவிட்டான். "ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? ஆளாளுக்குத் துரோகம் பண்ணியும், கடைசியில நாலு பேரும் ஒண்ணாத்தானே போறோம்! நீயும் போட்டிருப்பேல்ல?"

மறு கோடையில் அந்த மூவரின் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பாடியவன் வேறொருவன். கார் தொழிற்சாலை ரேடியோவில் அதைக் கேட்டபோது, நெவில் முடுக்கிக்கொண்டிருந்த போல்ட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.