ஒரு தடவை கூப்பிட்டால்

“ஏம்மா, பேய்க்கு ரெண்டாவது தடவை கூப்பிடத் தெரியாதா?”

பிரதீபன் இதைக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது.

இருட்டில் வெளியிலிருந்து குரல் வந்தால் முதல் தடவைக்கு ஏன் என்று பதிலுக்குக் கேட்கக் கூடாது. ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளரும் பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும். மனிதர் என்றால் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

அவன் அம்மா கோகிலா அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இன்றைக்கு, விடிந்தும் விடியாத இந்த நேரத்தில், மேல் லயத்துக்கு ஏறும்போது அந்தக் கேள்வியும் கூடவே ஏறி வந்தது.

காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. விசில் ஊதும்போது கீழே நிற்காவிட்டால் அன்றைய பேர் விழாது. ரப்பர் பால் வெட்டவும் விடமாட்டார்கள், சம்பளமும் இல்லை. அதற்குள் கடைசி வீட்டை முடித்துவிட வேண்டும்.

இடுப்பில் ஒரு பால்மா டின். மூடியில் காசு போடத் துளை வெட்டி, போடுகிறவர் விரல் கிழியாமல் ஓரத்தை அரத்தால் ராவிக் கொடுத்தவர் ருவான்வெல்லைக் கடைவீதி புவாட் நானா. முதல் நோட்டையும் அவரே போட்டார்.

“எங்கட புள்ளைகளுக்கும் சேத்துத்தானே இது.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வாசல் ஏறி இறங்கினாள்.

மனம் நொந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச, கரவனெல்லையிலிருந்து ஒரு மிஸ் ஞாயிறுதோறும் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கான செலவுக்குத்தான் இந்த டின். பிரதீபன் பத்தொன்பது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு, வருகிற ஆடியோடு ஒரு வருசம்.

“செத்த புள்ள பேருல உண்டியல் குலுக்குறா பாரு,” என்று பைப்படியில் ஒருத்தி சொன்னது கோகிலாவின் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

இருளப்பனின் வீட்டை அவள் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கே போக அவளுக்குப் பயம்.

அவருடைய மகள் துஷ்யந்தி மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. போன கிழமை தன் வளையல்களை எல்லாம் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம். என்ன தங்கமான மனசு என்று லயமே மெச்சியது.

கோகிலாவால் மெச்ச முடியவில்லை. பிரதீபனும் போவதற்கு முந்திய கிழமை தன் கிரிக்கெட் மட்டையைப் பிள்ளைகளிடம் தூக்கிக் கொடுத்தான். அவளும் அன்றைக்கு மெச்சினாள்.

கதவைத் தட்டினாள்.

கதவைப் பாதி திறந்த இருளப்பன் டின்னைப் பார்த்தார். அவள் வாய் திறக்கும் முன்பே ஒரு நோட்டை மடித்து உள்ளே தள்ளினார். இதுவரை அதில் விழுந்தவற்றிலேயே பெரிய நோட்டு.

“போட்டாச்சு தங்கச்சி. எங்க வீட்ல யாருக்கும் பிஸ்ஸு இல்ல. பைத்தியம் புடிச்ச வீடா பாத்துப் போங்க.”

“இல்லண்ணே, பாப்பாகிட்ட ஒரு வார்த்த…”

கதவு சாத்திக்கொண்டது.

இன்னொரு தடவை தட்டலாமா? தட்டினால் லயமே எழும்பும். பிள்ளைக்குத்தான் இன்னும் அவமானம். அவள் ரப்பர் மலைப் பாதையில் இறங்கினாள். இலை மூடிய இருட்டு, பனிமூட்டம் வேறு. மாரியாத்தா, கேட்க வந்ததைக் கேட்காமல் போகிறேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அத்தே…”

ஒரே ஒரு தடவை.

கோகிலாவின் கால் நின்றது. கழுத்து திரும்பவில்லை. நாற்பது வருசத்துப் பழக்கம் அது. பொறு என்றது உடம்பு. இரண்டாவது வரட்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் பொறுத்தாள்.

இதே மாதிரி விடியாத இருட்டு. வாசலிலிருந்து “அம்மா” என்று ஒரு தடவை கேட்டது. பிரதீபன் உள்ளே படுத்திருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இரண்டாவது தடவைக்குக் காத்துக் கிடந்தாள்.

அது வரவே இல்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. “ஒரே ஒரு காரணத்தால எந்தப் புள்ளையும் போறதில்ல” என்று மிஸ் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோதும், தலையை ஆட்டினாளே தவிர, சொல்லவில்லை.

மகன் கேட்டதற்கு இப்போதுதான் பதில் தெரிந்தது. பேய்க்குத் தெரியுமோ தெரியாதோ, மனம் நொந்த பிள்ளைக்கு இரண்டாவது தடவை கூப்பிடத் தெம்பிருக்காது.

டின்னைப் பாதையிலேயே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“ஏன் தங்கம்? இந்தா வாரேன்!”

மேலே, பாதை வளைகிற இடத்தில், வெறுங்காலோடு துஷ்யந்தி நின்றிருந்தாள். அவள் வாய் மறுபடி திறக்கவில்லை. கோகிலா மேட்டில் ஓடிப்போய் அந்தக் குளிர்ந்த கைகள் இரண்டையும் பிடித்து, பக்கத்துக் கல்லில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். பார்க்க அங்கே யாரும் இல்லை.

பிள்ளை அழத் தொடங்கியபோது கீழே பெரட்டு விசில் ஊதியது.

இரண்டாவது தடவையும் ஊதியது. மூன்றாவது தடவையும் ஊதியது.

அதற்கு மட்டும் கோகிலா ஏன் என்று கேட்கவில்லை.