கறுப்பு உரிந்த சட்டி

"இது விஷம். இது விஷம். இதுவும் விஷம்."

வீட்டம்மா அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டே போனாள். நசுங்கிப்போன அலுமினியப் பாத்திரங்கள், சூடு பட்டு வளைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், கடைசியாக ஒரு பெரிய நான்ஸ்டிக் சட்டி. நடுவில் கறுப்பு உரிந்து வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேகம்மா திரும்பிப் பார்த்தாள். கை வேகத்தைப் பார்த்து அந்த வீட்டில் வைத்த பேர் அது. சொந்தப் பேர் என்னவென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"இதுக்குக் காரணமே நீதான். கம்பி நாரைப் போட்டு வறட்டு வறட்டுன்னு தேய்ச்சா உரியாம என்ன செய்யும்?"

"பளிச்சுன்னு இல்லேன்னு நீங்கதானேம்மா கம்பி நாரை எடுத்துக் குடுத்தீங்க..."

"சரி, சரி. பழசைக் கிளற எனக்கு நேரமில்லே. நாளைக்கு என் பொண்ணு வர்றா. வயித்துல பிள்ளையோட இருக்கறவளுக்கு இதுல சமைச்சுப் போட முடியுமா? உரியறதெல்லாம் சோத்தோட சேர்ந்து உள்ளே போகுமாம். அலுமினியத்துல புளிப்பே வைக்கக் கூடாதாம். எல்லாம் போன்ல பார்த்தேன்."

அடுப்பு மேடையில் புது இரும்புச் சட்டியும் எவர்சில்வர் பாத்திரங்களும் கண்ணாடி டப்பாக்களும் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"ஆமா, உன் பொண்ணும் முழுகாமதானே இருக்கா? எத்தனை மாசம்?"

"ஏழும்மா."

"நல்லா சாப்பிடச் சொல்லு." சொன்ன வாய் மூடுவதற்குள் நான்ஸ்டிக் சட்டியை மூடியோடு தூக்கி நீட்டினாள். "இந்தா, இதை நீ கொண்டு போ. குப்பையில போட மனசு வரலே."

வேகம்மாவின் கை அப்படியே நின்றது.

"இதுல சமைச்சா கெடுதல்னு இப்பதானேம்மா சொன்னீங்க?"

"அது எங்களை மாதிரி உட்கார்ந்து திங்கறவங்களுக்கு. நீங்கள்லாம் உழைக்கிற உடம்பு. ஒண்ணும் செய்யாது."

முன்பு ஒரு தடவை பழைய போர்வையை வேண்டாமென்றதற்கு வீட்டம்மா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அது ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டாள்.

வீட்டம்மா இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றாள்.

"ரொம்ப நல்ல மனசும்மா உங்களுக்கு" என்றாள் வேகம்மா.

தெருவில் இறங்கியதும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். அவங்க பொண்ணு வயித்துல இருந்தா பிள்ளை, என் பொண்ணு வயித்துல இருந்தா கல்லா? விஷம்னு தெரிஞ்சே ஒருத்தர் கையில தூக்கிக் குடுக்க எப்படித்தான் மனசு வருதோ. மனுஷ ஜென்மமா இதெல்லாம்?

முனையில் குப்பைத் தொட்டி. சட்டியை உள்ளே வீசக் கையை ஓங்கினாள்.

கைப்பிடி ஆடாமல் கெட்டியாக இருந்தது. கண்ணாடி மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஓங்கிய கை தானாக இறங்கியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஐ, ஒட்டாத சட்டி! குடும்மா, இன்னிக்கு இதுலயே..."

"தொடாதே!" மகளின் கையைத் தட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "விஷம்டி அது. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

"அப்புறம் எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

பதில் சொல்வதற்குள் பின்னறைக் கதவு திறந்தது. நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த சூட்டிலேயே வேகம்மா அவளுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிட்டாள். தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, காது உடைந்த ஒரு குண்டானில் எதையாவது கிண்டித் தின்றுவிட்டுப் படுப்பாள்.

"என்ன அண்ணி, சட்டி புதுசா இருக்கு?"

வேகம்மா கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள்.

"உனக்குன்னுதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"எனக்கா?"

நாத்தனார் இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு சட்டியை வாங்கினாள். கண் கலங்கிவிட்டது.

"இந்த வீட்ல என்னை யாரும் ஒரு ஆளா நினைக்கலேன்னு நினைச்சுட்டிருந்தேன். ரொம்ப நல்ல மனசு அண்ணி உங்களுக்கு."

மூடியைத் திறந்து, ஆசையாக உள்ளே விரலால் தடவினாள். விரலில் கறுப்புச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது என்ன அண்ணி, உரியுது?"

மகள் வாயைத் திறந்தாள். வேகம்மா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள்.

"அதையெல்லாம் பார்க்காதே. நீ உழைக்கிற உடம்பு. ஒண்ணும் செய்யாது."