பெரியப்பாவின் கதவு

ஊற்று வற்றியதும் மலை உச்சியில் இருந்த ஊர் காலியானது. சனம் கீழே சாலையோரம் குடியேறியது. மேலே விட்டுவந்த வீடுகளின் கதவுகளைப் பெயர்த்துவந்துதான் புது வீடுகளுக்கு வைத்தார்கள்.

கொத்தனாரின் பெரியப்பா மட்டும் ஆடுகளோடு மேலேயே தங்கிவிட்டார். அவர் மேய்ச்சலுக்குப் போன நேரம் பார்த்துக் கொத்தனார் அவருடைய கதவைப் பெயர்த்தார். உள்ளே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மனைவியிடம், "புதுசு போட்டுக்கறேன், இதை நீ எடுத்துக்கோன்னு அவரேதான் குடுத்தாரு" என்றார்.

அந்த வாரமே பனி கொட்டியது. உருகிய பிறகுதான் பெரியப்பாவின் உடலைக் கீழே கொண்டுவர முடிந்தது.

அதிலிருந்து, கொத்தனாரின் புது வீட்டில் ஆளில்லாதபோது பொழுது சாய்ந்தால் அந்தக் கதவு உள்பக்கம் தாழிட்டுக்கொள்கிறது. தட்டினால் திறக்கிறது. உள்ளே யாரும் இருப்பதில்லை.

"சம்பளம் கேக்காத காவக்காரன். இருந்துட்டுப் போகட்டும்" என்பாள் மனைவி. கொத்தனார் எழுந்து வெளியே போய்விடுவார்.

நேற்று இருவரும் சந்தையிலிருந்து நனைந்துகொண்டு வந்தார்கள். அவள் தட்டினாள். முதல் தடவையாக உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரும்மா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். "நாங்கதான் மாமா."

தாழ் விலகியது.

"வாங்க, நனையாதீங்க. எவனோ என் வீட்டுக் கதவைப் பெயர்த்துட்டுப் போயிட்டான். மேலே குளிர் தாங்கல, அதான் இங்க வந்து படுத்துக்கறேன். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையேம்மா?"

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பிறகு அவள் மட்டும் உள்ளே போனாள்.