உயர்த்திய கை

ஐஸ் ஹாக்கி வட்டு கோல் காவலனின் காலடியில் மறைந்ததும், நின்றுவிட்டதென்று நினைத்து விசில் ஊதினேன். அடுத்த நொடி அது வலைக்குள் கிடந்தது. விசிலுக்குப் பின் விழுந்த கோல் செல்லாது. கோலை இழந்தது, தோற்றால் தொடரிலிருந்தே வெளியேறும் அணி. அதன் தலைவன் கபிலன், மட்டையைப் பனியில் அடித்துக் கத்தினான்.

"ரெஃப்ரி, கண்ணை வீட்டில விட்டிட்டோ வந்தனீங்கள்?"

கடைசி நிமிடத்தில் எதிராளி ஒருவன் உரசிக் கடக்க, கபிலன் விழுந்தான். என் கை தண்டனைக்கு உயர்ந்தது. தவறு செய்த அணி வட்டைத் தொடும்வரை விசில் ஊதக்கூடாது. உயர்த்திய கையுடன் சறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளியதைப் பார்த்தேனா, பார்க்க விரும்பினேனா என்று எனக்கே தெரியவில்லை.

எழுந்த கபிலன் என்னருகே வந்தான்.

"கையை இறக்குங்கோ. அவன் தொடேல்லை. நான்தான் சறுக்கினனான்."

"உங்கட அந்தக் கோல்..."

"அது பிழை. அதுக்காக இன்னொரு பிழை வேண்டாம்."

இறக்கினேன். கபிலனின் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

இரு அணிகளும் வரிசையில் கைகுலுக்கி முடித்தபின், கபிலன் கையுறையைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"நல்ல கண் டொக்டர் ஒருத்தரைத் தெரியும், சொல்லட்டே?"

விறைத்திருந்த என் கையை நீட்டினேன். அவன் கை சூடாக இருந்தது. யார் முதலில் விடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.