காதில் சொன்னது

"ஊசி வேணாம்னா வேணாம். கையை விடுங்க சிஸ்டர்!"

கட்டிலில் கிடந்த தமிழரசன் கையை உதறிய வேகத்தில், நர்ஸ் அமலோற்பவம் வைத்திருந்த பஞ்சு தரையில் போய் விழுந்தது.

சம்பா வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவனைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. பக்கத்து வயல்காரர்கள் அவனை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, ஊர்க்கோடியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வலது கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது.

டாக்டர் ஹலீமா கையிலிருந்த கண்ணாடிக் குழாயை அவன் கண்ணெதிரே சாய்த்தாள். வந்ததும் அவனிடமிருந்து எடுத்திருந்த ரத்தம் தண்ணீராய் ஓடியது.

"பாருங்க. இந்நேரம் இது உறைஞ்சிருக்கணும். உறையல. உடம்புல விஷம் ஏறியிருக்கு. முறிக்கிற மருந்து நம்மகிட்டயே இருக்கு. இப்பவே ஏத்தினா காப்பாத்திடலாம்."

"எங்க அண்ணனுக்கும் இதையேதான் சொன்னாங்க. ஏத்தினாங்க. மறுநாள் துணியில சுத்திக் குடுத்தாங்க."

கால்மாட்டில் நின்ற அவன் மனைவி கலைமகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரை ரொம்ப லேட்டாத்தான் கொண்டு போனோம் டாக்டரம்மா. இவருக்கும் அது தெரியும். ஆனா பயம் விட மாட்டேங்குது."

"இந்த மருந்து கட்டாயம் காப்பாத்தும்னு சத்தியம் பண்ணுவீங்களா?" என்று தமிழரசன் கேட்டான்.

பண்ணுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹலீமாவுக்கு வாய் வரவில்லை.

"சத்தியம் பண்ண முடியாதுங்க. சில பேருக்கு ஒத்துக்காம போகும். அதுக்கும் மருந்து எடுத்து வச்சிருக்கேன். ஆனா ஏத்தலேன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"கேட்டியா கலை? அவங்களுக்கே நிச்சயமில்ல. ரெங்கசாமி ஐயாவை வரச் சொல்லு. அவர் வந்து மந்திரிச்சா எறங்கிடும்."

பாம்புக்கடிக்கு மந்திரிக்கும் ரெங்கசாமியைப் பற்றி ஹலீமா கேள்விப்பட்டிருந்தாள். பார்த்ததில்லை. அவரைத் தேடிப் போய் நேரத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை நினைத்தாலே அவளுக்கு ஆத்திரம் வரும்.

கெஞ்சினாள், அதட்டினாள். பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். தமிழரசன் மார்போடு இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

"டாக்டர், ஈறுல ரத்தம் கசியுது" என்று அமலோற்பவம் மெதுவாகச் சொன்னாள்.

அப்போது வெளியே மொபெட் வந்து நின்ற சத்தம் கேட்டது. கலைமகள் ஏற்கெனவே போன் பண்ணியிருக்கிறாள். இடுப்பில் திருநீற்றுப் பையும் தோளில் துண்டுமாக ரெங்கசாமி படியேறி வந்தார். ஹலீமா வாசலை மறித்து நின்றாள்.

"ஐயா, பெரியவங்க நீங்க. ஆனா இவரை இங்கேருந்து கூட்டிட்டுப் போக நான் விடமாட்டேன்."

"தூக்கிட்டா ஓடப்போறேன்? கொஞ்சம் உள்ள விடுங்கம்மா."

உள்ளே வந்தவர் கடிவாயைப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். முகம் மாறியது. துண்டை எடுத்துத் தன் தலையையும் தமிழரசன் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, அவன் காதோரம் குனிந்து முணுமுணுக்கத் தொடங்கினார். ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. துண்டை விலக்கியபோது தமிழரசன் கண்களை அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவன் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

தமிழரசன் கையை நீட்டினான். "ஏத்துங்க டாக்டரம்மா."

அமலோற்பவம் காத்திருக்கவில்லை. மருந்து சொட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் அவனுக்கு உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியது. ஹலீமா அதற்கான ஊசியைப் போட்டுவிட்டுக் கட்டிலை விட்டு நகராமல் நின்றாள். நடுக்கம் அடங்கியது. ரெங்கசாமியும் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்தபோது ஹலீமா மறுபடியும் ரத்தம் எடுத்தாள். காத்திருந்து குழாயைச் சாய்த்தாள். ஓடவில்லை. அடியில் கருஞ்சிவப்பாய் உறைந்து நின்றது.

"சேசுவே!" என்று அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதுவரை அடக்கி வைத்திருந்த கலைமகள் அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

"என்னத்துக்கு அழுவுற? ஒரு டீ கெடைக்குமான்னு பாரு" என்றான் தமிழரசன்.

ஹலீமாவுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தாள். ரெங்கசாமி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நான் அவ்வளவு பேசியும் கேக்காத மனுசன், நீங்க காதுல சொன்னதும் கையை நீட்டிட்டார். அப்படி என்ன மந்திரம் அது? சொன்னீங்கன்னா அடுத்த ஆளுக்கு நானே சொல்லிக்குவேன்."

"நீங்க சொன்னா பலிக்காதும்மா."

"ஏன்?"

ரெங்கசாமி வண்டியை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசம் குறுவை அறுப்பப்போ என்னையும் விரியன் கடிச்சிருச்சு. நான் போட்ட மந்திரம் எனக்கே கேக்கல. துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடி, இதே மருந்தை ஏத்திக்கிட்டுத்தான் உசுரோட திரும்பினேன். அதைத்தான் அவன் காதுல சொன்னேன்... 'ஊர்ல எவன்கிட்டயும் மூச்சு விட்றாதடா'ன்னும் சேத்துத்தான்!"